ஒரு குரங்கு, ஓர் அணு உலை, நடுவில் திருகோணமலை

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில் எறித்த முற்பகல் நேரத்தில் இலங்கை முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை கிறிட் உபமின்நிலையத்துக்குள் குரங்கொன்று புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னார். நாடே சிரித்தது. ஆனால் மின்சார சபை பிறகு கொடுத்த விளக்கத்தைப் படித்தால் குரங்கின் பங்கு கொஞ்சம்தான். ஞாயிறு என்பதால் தொழிற்சாலையும் கந்தோரும் பூட்டு. மின்சாரத் தேவை குறைவு. வெயில் என்பதால் கூரைகளில் உள்ள சோலர் பனல்கள் முழு வேகத்தில் கொட்டிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் ஓர் அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் தெம்பு கிறிட்டுக்கு, அதாவது நாட்டின் மின்வலையமைப்புக்கு, இருக்கவில்லை.

அது என்ன தெம்பு? நீர்மின் நிலையத்திலும் அனல்மின் நிலையத்திலும் பல தொன் எடையுள்ள சுழலி இடைவிடாமல் சுற்றுகிறது. சுற்றுகிற பம்பரத்தை விரலால் தட்டினால் ஆடும், ஆனால் உடனே விழாது; அதுபோல இந்தச் சுழலிகளின் சுழற்சி சில விநாடிகளுக்குக் கிறிட்டைத் தூக்கிப் பிடிக்கும். அந்தச் சில விநாடிக்குள் மற்ற இயந்திரங்கள் சுதாகரித்துக்கொள்ளும். சோலர் பனலில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. அது இன்வேர்ட்டர் என்ற மாற்றுக்கருவி வழியாக வருகிற மின்சாரம். கிறிட் தடுமாறினால் சாதாரண இன்வேர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ளக் கழன்றுவிடும். இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகலில் சோலரைக் கொஞ்சம் அணைத்து வையுங்கள் என்று மின்சார சபை கூரைக்காரரிடம் கேட்கவேண்டி வந்தது. கடன்பட்டுப் பனல் போட்டவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த இடத்தில்தான் அணுமின்சாரத்தை ஆதரிப்பவர்கள் கையை உயர்த்துகிறார்கள். அணு உலைக்கும் பெரிய சுழலி உண்டு. மழை, காற்று, வெயில் எதையும் பார்க்காமல் இரவு பகலாக ஓடும். காபன் வெளியேற்றம் மிகக் குறைவு. 2030 க்குள் மின்சாரத்தில் 70 வீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவோம், 2050 இல் காபன் நடுநிலையை அடைவோம் என்று சொல்லியிருக்கும் நாட்டுக்கு, நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் இடத்தில் வேறென்ன வைப்பது என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். நுரைச்சோலைக்கு வருடத்துக்கு 20 இலட்சம் தொன்னுக்கு மேல் நிலக்கரி வேண்டும். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் அந்தக் கடலில் கப்பலிலிருந்து பார்ஜுக்கு நிலக்கரி இறக்க முடியாது. அதனால் வருடத்துக்கான முழுத் தேவையையும் ஏறத்தாழ ஐப்பசிக்கும் சித்திரைக்கும் இடையில் இறக்கிக் குவிக்கவேண்டும். டொலர் இல்லாத 2022 இல் ஒவ்வொரு கப்பலும் ஒரு பெரும்பாடு. 1,000 மெகாவாட் அணு உலைக்கோ வருடத்துக்கு முப்பது தொன்னுக்கும் குறைவான எரிபொருள் போதும். ஒரு தடவை நிரப்பினால் ஒன்று, ஒன்றரை வருடம் ஓடும்.

அந்த 2022 ஐத் திருகோணமலையில் யாரும் மறக்கவில்லை. மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போனது. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்தன. எண்ணெய் கிடைத்து ஓடியவர்களுக்கும் பிடித்த மீனை வைக்க ஐஸ் இல்லை. இந்த வாதத்தில் "எரிசக்திப் பாதுகாப்பு" என்ற சொல் அடிக்கடி வரும். கொட்டியாரக் குடாவில் தொழில் செய்பவருக்கு அது கான் நிறைய மண்ணெண்ணெயும் ஒரு பெட்டி ஐஸும்.

விசித்திரம் என்னவென்றால், இலங்கையின் அணுமின் ஆயத்தத்தைப் பரிசீலிக்கச் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழு வந்ததும் அதே 2022 ஏப்ரலில்தான். அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்திவைத்த மாதம் அது. முகவரகத்தின் வழிமுறைப்படி ஒரு நாடு முதல் அணு உலையை நோக்கிப் போவதற்கு மூன்று கட்டங்கள், 19 விடயங்கள்: சட்டம், ஒழுங்குபடுத்தல், மனிதவளம், இடத்தேர்வு, கழிவு, அவசரகாலத் திட்டம், நிதி, மின்வலையமைப்பு என்று பட்டியல் போகும். முடிக்க ஒழுங்காக நடந்தாலே பத்துப் பதினைந்து வருடம் ஆகும். அடித்தளம் இல்லாமலும் இல்லை. 1957 இல் முகவரகம் தொடங்கியபோதே இலங்கை அதில் உறுப்பினர். 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க அணுசக்திச் சட்டம், அணுசக்தி சபையையும் ஒழுங்குபடுத்தும் பேரவையையும் வெவ்வேறாக்கியது. விற்பவரும் காவற்காரரும் ஒருவராக இருக்கக்கூடாது என்பதால் அது முக்கியமான வேலை. ஆனால் மருத்துவமனை எக்ஸ்ரே இயந்திரத்துக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக் கருவிக்கும் அனுமதிப்பத்திரம் கொடுத்துப் பழகிய நிறுவனம் ஓர் உலையை மேற்பார்வை செய்யும் நிலைக்கு வளர்வதற்கு ஒரு தலைமுறைப் பொறியியலாளர் வேண்டும்.

இனி எனக்கு முக்கியமாகப் படும் விடயம். அணு உலை வேண்டாம் என்பவர்கள் முதலில் கதிர்வீச்சைச் சொல்வார்கள். நான் முதலில் கிறிட்டைச் சொல்வேன்.

இலங்கையின் உச்ச மின்தேவை 3,000 மெகாவாட்டுக்குள்தான். நடுச்சாமம் கடந்தால் அதில் பாதியளவுக்கு இறங்கிவிடும். தனியோர் இயந்திரம் மொத்த வலையமைப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இத்துறையின் பொதுவான விதி. ஏனெனில் அது திடீரென்று நின்றால் மிச்சமுள்ளவை அந்தப் பளுவைத் தாங்கவேண்டும். நுரைச்சோலையின் 300 மெகாவாட் இயந்திரமே அந்த எல்லையில் உரசிக்கொண்டு நிற்கிறது. ஆகவேதான் ஒரு சின்னப் பழுதில் முழு நாடும் இருளுகிறது. இந்தக் கிறிட்டில் கூடங்குளத்தில் இருப்பதுபோல 1,000 மெகாவாட் உலையைக் கொண்டுவந்து பூட்டினால், இரவு இரண்டு மணிக்கு நாட்டின் பெரும்பங்கு ஒரே அச்சில் சுற்றும்.

அதைவிடப் பெரிய சிக்கல் மறுபக்கம் இருக்கிறது. கிறிட் விழுந்தால் அனல்மின் நிலையம் அணைந்து கிடக்கும், அவ்வளவுதான். பெப்ரவரி 9 க்குப் பிறகு நுரைச்சோலையைத் திரும்ப ஓடவைக்கச் சில நாள் பிடித்தது, அந்த நாட்களில் நமக்கு மின்வெட்டு, அதோடு முடிந்தது. அணு உலை அப்படி அணையாது. சங்கிலி வினையை நிறுத்திய பிறகும் உள்ளிருக்கும் எரிபொருள் வெப்பத்தைக் கக்கிக்கொண்டேயிருக்கும். 1,000 மெகாவாட் மின்சாரம் தரும் உலைக்குள் சுமார் 3,000 மெகாவாட் வெப்பம் உண்டு. நிறுத்திய கணத்தில் அதில் ஆறு ஏழு வீதம் மிஞ்சும். அதாவது 200 மெகாவாட் அளவுக்கு. அது மணிக்கு மணி குறையும், ஆனால் குளிர்நீர் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், பம்ப் ஓட மின்சாரம் வேண்டும். வழக்கமாக அந்த மின்சாரம் வருவது கிறிட்டிலிருந்து. கிறிட் இல்லையென்றால் டீசல் ஜெனரேற்றர். 2011 மார்ச் 11 இல் புக்குஷிமாவில் நடந்தது இதுதான்: நிலநடுக்கம் கிறிட்டைத் துண்டித்தது, சுனாமி டீசல் ஜெனரேற்றர்களை மூழ்கடித்தது, உலைகள் உருகின. அதற்குப் பிறகு வந்த வடிவமைப்புகளில் பம்ப் இல்லாமலே பல மணிநேரம், சிலவற்றில் மூன்று நாள், தானாகக் குளிரும் ஏற்பாடுகள் இருக்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். இருந்தாலும் குரங்குக்கு விழும் கிறிட்டை வைத்துக்கொண்டு உலை கேட்பது, அத்திவாரத்துக்கு முன் கூரையை ஓடர் பண்ணுவது.

சரி, சின்ன உலை போடலாமே என்பது அடுத்த பதில். 300 மெகாவாட்டுக்குக் குறைந்த சிறுரக உலைகளைப் பற்றி உலகமே பேசுகிறது. பேச்சு கூட, ஓடுகிற உலை குறைவு. ரஷ்யாவின் மிதக்கும் நிலையம் "அக்கடெமிக் லொமனோசவ்" பெவெக் துறைமுகத்தில் தலா 35 மெகாவாட் வீதம் இரண்டு உலைகளோடு 2020 முதல் இயங்குகிறது. சீனாவில் ஒன்றிரண்டு. அமெரிக்காவில் நியூஸ்கேல் நிறுவனத்தின் முதல் திட்டம், மின்சாரத்தின் விலை மதிப்பீடு ஏறிக்கொண்டே போனதால் 2023 நவம்பரில் கைவிடப்பட்டது. பத்து வருடம் பொறுத்து மற்றவர்கள் எப்படி ஓட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பதில் இலங்கைக்கு நட்டம் ஒன்றுமில்லை.

பணத்தைப் பார்ப்போம். வங்கதேசத்தின் ரூப்பூரில் ரஷ்யாவின் அரச அணுசக்தி நிறுவனமான ரொசாட்டம் தலா 1,200 மெகாவாட்டில் இரண்டு உலைகளைக் கட்டுகிறது. ஒப்பந்தத் தொகை 12.65 பில்லியன் டொலர். அதில் 90 வீதம் ரஷ்யக் கடன். இலங்கை ஒரு முழு வருடம் ஆடை, தேயிலை, இறப்பர், தேங்காய் எல்லாம் ஏற்றி உழைக்கும் தொகை கிட்டத்தட்ட அவ்வளவுதான். அங்கே முதல் கொங்கிரீற் ஊற்றியது 2017 இல், எரிபொருள் வந்து சேர்ந்தது 2023 இல். வந்த பிறகும் மின்கடத்தும் பாதைகள் உட்படப் பல காரணங்களால் இழுபட்டது. பிலிப்பைன்ஸின் கதை இன்னும் கசப்பு. ஜனாதிபதி மார்க்கோஸ் காலத்தில் பத்தானில் இரண்டு பில்லியன் டொலருக்கு மேல் கொட்டி 621 மெகாவாட் நிலையம் கட்டினார்கள். 1986 இல் மார்க்கோஸ் போனார், செர்னோபில் வெடித்தது, நிலையம் பூட்டப்பட்டது. ஓர் அலகு மின்சாரமும் தராத அந்த நிலையத்துக்கான கடனை அந்நாட்டு மக்கள் 2007 வரை கட்டினார்கள். கடன் மறுசீரமைப்பிலிருந்து இப்போதுதான் தலையை வெளியே நீட்டும் நாடு, ரூப்பூரையும் பத்தானையும் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும். ஐக்கிய அரபு இராச்சியத்தின் பரக்கா நான்கு உலைகளோடு நன்றாக ஓடுகிறதே என்று காட்டுபவர்களும் உண்டு. ஓடுகிறது. அவர்களிடம் ரொக்கம் இருந்தது.

இவ்வளவும் கொழும்பில் பேசுகிற கதை. திருகோணமலைக்கு வேறு கணக்கு ஒன்று இருக்கிறது.

பெரிய மின்நிலையம் என்று யார் வாயெடுத்தாலும் கிழக்குக் கரையின் பெயர் அடிபடும். ஆழமான இயற்கைத் துறைமுகம், குளிரூட்டக் கடல்நீர், குறைந்த சனத்தொகை, அரச நிலம் என்று வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பொருந்தும். சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டியவற்றில் எஞ்சியிருக்கும் 99 எண்ணெய்த் தாங்கிகள் ஒரு நூற்றாண்டின் பெரும்பகுதியை அப்படியே கடந்துவிட்டன. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானம் ஒன்று அங்கிருந்த ஒரு தாங்கியின்மேல் விழுந்து எரிந்தது. 2022 ஜனவரியில்தான் 61 தாங்கிகளைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐஓசியும் சேர்ந்து அபிவிருத்தி செய்ய ஒப்பந்தமானது. ஊரில் இவ்வளவு எண்ணெய்க்கு இடமிருந்தும் அதே வருடம் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோம்.

மூதூருக்குப் பக்கத்துச் சம்பூர் இன்னும் நெருங்கிய பாடம். 2006 ஏப்ரலில் சண்டை மூண்டபோது சம்பூர், கூனித்தீவு, கடற்கரைச்சேனைப் பக்கத்துச் சனம் ஊரைவிட்டு எழும்பியது. அதே வருடம் டிசம்பர் 29 இல், அவர்கள் அகதிகளாக இருந்த வேளையில், இந்தியாவின் தேசிய அனல்மின் கழகத்தோடு 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையத்துக்குப் புரிந்துணர்வு உடன்படிக்கை கைச்சாத்தானது. 2007 இல் அந்தப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமானது. சனம் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் நலன்புரி நிலையங்களில் தகரக் கொட்டிலுக்குள் கிடந்தது. பிள்ளைகள் அங்கேயே பள்ளிக்கூடம் போய், அங்கேயே பெரியவர்களானார்கள். 2015, 2016 இல்தான் காணிகள் விடுபட்டு மீள்குடியேற்றம் நடந்தது. பிறகு சுற்றாடல் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2016 செப்டெம்பரில் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டதாகச் சட்டமா அதிபர் மன்றுக்கு அறிவித்தார். 2025 ஏப்ரல் 5 இல், நிலக்கரிக்கு ஒதுக்கிய இடத்தில், 120 மெகாவாட் சூரியமின் திட்டத்தை இந்தியப் பிரதமர் மோடியும் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் இணையவழியில் தொடக்கிவைத்தார்கள்.

நிலக்கரி சோலராக மாறியது நல்ல மாற்றம். நிலக்கரிப் புகையையும் சாம்பலையும் நினைத்தால் மூதூருக்கு அதைவிட நல்லது கிடையாது. ஆனால் இரண்டு தடவையும் இடத்தைத் தீர்மானித்தவர்கள் அங்கே குடியிருந்தவர்கள் அல்ல. அனல்மின் நிலையம் வந்தால் வேலை கிடைக்கும் என்றும், கடல் சூடாகி மீன் போய்விடும் என்றும் இரண்டு கட்சியாக ஊர் பேசியது. எந்தப் பேச்சும் ஒப்பந்தத்தில் ஏறவில்லை. அணு உலைக்கு இடம் தேடும் நாள் வந்தால் இந்த வரலாறும் மேசைக்கு வரும். கூடங்குளத்துக்குப் பக்கத்து இடிந்தகரையில் 2011 இல் தொடங்கிய போராட்டத்தில் மீனவர்கள் முன்நின்றதற்கும் இதுதான் அடி. கூடங்குளத்துக்கான உடன்பாடு ராஜீவ் காந்திக்கும் கொர்பச்சேவுக்கும் இடையில் 1988 இல் முடிந்தது. உலை ஓடத் தயாரான வேளையில்தான் கரையில் இருந்தவர்களுக்குப் "பாதுகாப்பானது" என்று விளக்க விஞ்ஞானிகள் வந்தார்கள். 2013 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம் நிலையத்துக்கு அனுமதி கொடுத்தது. அந்த ஒக்ரோபரில் முதல் உலை கிறிட்டோடு சேர்ந்தது. சட்டம் வென்றது, நம்பிக்கை வரவில்லை.

பயத்தையும் கொஞ்சம் அளந்து பார்க்கலாம். 2004 சுனாமியில் கல்பாக்கத்தின் பம்ப் நிலையத்துக்குள் கடல் புகுந்தது. ஓடிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது, கதிர்வீச்சு கசியவில்லை. ஆனால் பக்கத்துக் குடியிருப்பில் உயிர்கள் போயின. அதே அலை நம் பக்கம் கிண்ணியா வைத்தியசாலையை அடித்துக்கொண்டு போனது. உலை தாங்கும் என்று பொறியியலாளர் சொன்னால் அதை நான் பெரும்பாலும் நம்புவேன். உலையைச் சுற்றியிருக்கும் மற்றவை தாங்குமா என்பதுதான் என் சந்தேகம். புக்குஷிமாவில் 20 கிலோமீற்றர் ஆரைக்குள் இருந்த சனத்தை எழுப்பினார்கள். சம்பூரில் கவராயத்தை ஊன்றி அந்த வட்டத்தைப் போட்டால் மூதூர், தோப்பூர், கிண்ணியா, குடாவுக்கு அப்பால் திருகோணமலை நகரம் எல்லாம் உள்ளே விழும். மூதூரிலிருந்து நகரத்துக்கு வரும் வீதி கிண்ணியாப் பாலத்தைக் கடக்கிறது. 396 மீற்றர் நீளமான அந்தப் பாலம் 2009 இல் திறக்கும்வரை பாதை என்று சொல்லும் மிதவையில்தான் பஸ்ஸும் சனமும் கடந்தன. 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாலவேலை நடக்கையில் மாற்றாக விட்ட மிதவை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள். அவசரகால வெளியேற்றத் திட்டம் என்று தாளில் எழுதுவது சுலபம். அது நடக்கவேண்டியது இந்த வீதியில், இந்தப் பாலத்தில், பாதுகாப்பான மிதவை ஒன்றை ஓட்டத் தவறிய அதே நிர்வாகத்தின் கையில்.

தோரியம் பற்றியும் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் இந்த மாவட்டத்தில் தேத்தண்ணிக் கடை வரை போன கதை அது. புல்மோட்டைக் கரையின் கருமணலில் இல்மனைட், ரூட்டைல், சேர்கன் இவற்றோடு சிறிதளவு மொனசைட்டும் உண்டு. மொனசைட்டில் தோரியம் உண்டு. "மண்ணைக் கப்பலில ஏத்துறாங்கள், அதில இருக்கிறதை வச்சே நாட்டுக்குக் கரண்ட் குடுக்கலாமே" என்பார்கள். மண்ணைப் பதப்படுத்தாமல் விற்பது பற்றிய ஆத்திரம் நியாயம். மின்சாரக் கணக்கு பிழை. தோரியம் தானாக எரியாது. உலைக்குள் நியூத்திரன் வாங்கி யுரேனியம்-233 ஆக மாறிய பிறகே எரிபொருள். அதற்கு வேறு எரிபொருளும், எரித்ததை மீளப் பிரிக்கும் ஆலையும் வேண்டும். தோரியத்தை நம்பி மூன்று கட்டத் திட்டம் போட்ட இந்தியாவே இரண்டாம் கட்டத்துக்கான கல்பாக்கம் வேக ஈனுலையை (எரிப்பதைவிடக் கூடுதல் எரிபொருளை உண்டாக்கும் உலை) 2004 இல் தொடங்கி, 2024 இல்தான் எரிபொருள் நிரப்பும் கட்டத்துக்குக் கொண்டுவந்தது. வரலாற்றுப் பெருமை வேண்டுமானால் இருக்கிறது: தோரியனைட் என்ற கனிமத்தை இந்தத் தீவில் 1904 இல் கண்டெடுத்தவர் ஆனந்த குமாரசுவாமி, கலை வரலாற்றாசிரியராவதற்கு முன் கனிமவள அளவைத் துறையின் பணிப்பாளராக இருந்த காலத்தில். அடுத்த வருடம் இலண்டனில் ஓட்டோ ஹான் என்ற இளைஞர் இலங்கைத் தோரியனைட்டிலிருந்து ஒரு புதிய கதிரியக்கப் பொருளைப் பிரித்தார். 1938 இல் யுரேனியம் பிளவுபடுவதைக் கண்டவரும் அவரே.

ஆக, என் கணிப்பில் இலங்கையின் அடுத்த பதினைந்து வருடத்தை அணு உலை தீர்மானிக்கப் போவதில்லை. பெரிய பற்றரிகள், நீரை மேலேற்றிச் சேமிக்கும் மின்நிலையங்கள், கிறிட்டைத் தாங்கும் புதுவகை இன்வேர்ட்டர்கள், மன்னாரிலும் பூநகரியிலும் காற்று: இவைதான் அவசரம். மன்னார், பூநகரியில் 484 மெகாவாட்டுக்கு வந்த இந்தியாவின் அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது காற்றின் குற்றமல்ல; கேட்ட விலையும், கேள்விப்பத்திரம் கோராத முறையும், மன்னாரில் எழுந்த எதிர்ப்பும் சேர்ந்து வந்த வினை. சோலரானாலும் காற்றானாலும் இடத்தை யார் தீர்மானிப்பது என்ற சம்பூர்க் கேள்வி கூடவே வரும் என்பதற்கு அது சாட்சி.

இதற்கிடையில் அதிகம் பேசப்படாத வாசல் ஒன்று திறக்கிறது. 2025 ஏப்ரலில் சம்பூர் தொடக்கத்தோடு, இந்தியக் கிறிட்டையும் இலங்கைக் கிறிட்டையும் உயரழுத்த நேரோட்டக் கேபிளால் இணைப்பதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கையும் கைச்சாத்தானது. கேபிள் வந்தால் நம் கிறிட் தனித்தீவாக இருக்காது. வெயில் கூடிய பகலில் விற்கலாம், குறைந்த இரவில் வாங்கலாம். வாங்கும் மின்சாரத்தில் பெரும்பங்கு இந்திய நிலக்கரி, கொஞ்சம் காற்று, கொஞ்சம் கூடங்குளமும் கல்பாக்கமும். இருநூறு சொச்சம் கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள கூடங்குளத்தில் ஏதும் நடந்தால் அதன் ஆபத்தில் நமக்கு ஏற்கெனவே பங்கு உண்டு என்று 2011, 2012 இல் இங்கே குரல் எழுந்தது நினைவிருக்கும். இனி பயனிலும் பங்கு வரும்.

அதனால் இப்போது கேட்கவேண்டிய கேள்விகள் கேபிளைப் பற்றியவை. அலகு என்ன விலை, எந்த நாணயத்தில்? டொலர் தட்டுப்பாடு வந்தால் யார் முதலில் துண்டிப்பார்? கேபிள் அறுந்தால் இழக்கும் மின்சாரத்தை நம் கிறிட் தாங்குமா? 2024 மின்சாரச் சட்டத்தோடு மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்கும் வேலை தொடங்கியபின் இந்த ஒப்பந்தத்துக்கு யார் பொறுப்பு? பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கட்டண மாற்றத்துக்கு மக்களிடம் கருத்துக் கேட்கிறது; கேபிளுக்கும் அதேபோல் கேட்கட்டும், நீண்டகால மின்னுற்பத்தித் திட்டத்தில் அணு உலைக்கு வைத்திருக்கும் இடத்துக்கும் கேட்கட்டும். ஆவணங்கள் தமிழில், மூதூர், குச்சவெளிப் பிரதேச செயலகங்களில், கையெழுத்துக்கு முன்.